பீட்டர் மெயிலோட ப்ரொவான்ஸ் புக் – படிச்சவங்க வாங்க, பேசலாம்

#1 மாடிப்படி

வணக்கம் மக்களே. ஆடிட் சீசன் முடிஞ்சு இப்பதான் மூச்சு விடறேன், அதான் இவ்ளோ நாள் ஆளக் காணோம். பழைய புத்தகக் கடைல நாப்பது ரூபாய்க்கு 'எ இயர் இன் ப்ரொவான்ஸ்' கிடைச்சுது, அட்டைல டீ கறையோட. ரெண்டு வாரமா மெட்ரோவுல போக வர அதான் ஓடிட்டிருக்கு, நேத்து முடிச்சேன்.

தெரியாதவங்களுக்கு: 1989ல வந்த புக். பீட்டர் மெயில் இங்கிலீஷ்காரர், விளம்பரக் கம்பெனில இருந்தவர். அதை விட்டுட்டு பொண்டாட்டியோட தெற்கு பிரான்ஸ்ல, ப்ரொவான்ஸ் பகுதில, லுபெரோன் மலையடிவாரத்துல, மெனெர்ப்னு ஒரு கிராமத்துப் பக்கம், இருநூறு வருஷப் பழைய பண்ணை வீட்டை வாங்கிட்டுப் போயிடறார். ஜனவரில ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் மாசத்துக்கு ஒரு அத்தியாயம். இதுல காமெடி என்னன்னா அவர் போனது நாவல் எழுத. கொத்தனாரும் பிளம்பரும் விட்டாத்தானே? ஏன் நாவல் வரலன்னு ஏஜென்ட்டுக்குச் சாக்கு சொல்லி லெட்டர் போட, அவர் "அப்ப இதையே எழுதுய்யா"ன்னுட்டார். முதல் பதிப்பு வெறும் 3000 காப்பிதானாம்.

எனக்கு உயிரே அந்த பிளம்பர் மெனிகூச்சிதான். ஜனவரி குளிர்ல பைப் வெடிச்சுடுது, வர்றார், பைப்பைப் பாக்கறதுக்கு முன்னாடி காத்தைப் பத்தி லெக்சர். பூமியோட வளைவு கொஞ்சம் தட்டையாயிடுச்சாம், அதனால சைபீரியாக் குளிர் குறுக்கு வழில நேரா இங்க வந்துடுதாம்!! நான் இப்ப எங்க வீட்டு பாத்ரூமை இடிச்சுப் போட்டு மூணு வாரமா உக்காந்திருக்கேன், அதனால இந்த புக்கை நகைச்சுவைன்னு படிக்க முடியல, பக்கத்து வீட்டுக் கதை மாதிரிதான் இருந்துச்சு.

ஆனா என் ஃப்ரெண்ட் ஒருத்தி, "காசுள்ளவன் கிராமத்து ஆளுங்களை வச்சு சிரிக்கிற புக், இதுக்கா இவ்ளோ பில்டப்பு"ன்னு ஒரே போடா போட்டுட்டா. அதுலேர்ந்து மனசுல உறுத்தல். நீங்க என்ன சொல்றீங்க?

#2 ராஜ்_கோவை

பிடிஎஃப் இருந்தா தட்டி விடுங்க பாஸ்

#3 மட்டுறுத்துனர்

ராஜ், மூணாவது தடவை. இங்க பிடிஎஃப் கேக்கக் கூடாது. நூலகத்துல பாருங்க.

#4 கணக்குப்பிள்ளை

உங்க ஃப்ரெண்ட் சொன்னது நூத்துக்கு நூறு. நான் வேலைல இருந்தப்பவே படிச்சது, அப்பவே பிடிக்கல. நீச்சல் குளத்தோட வீடு, திராட்சைத் தோட்டம், வாரத்துக்கு ரெண்டு நாள் ஓட்டல் சாப்பாடு, இவ்வளவும் வச்சுக்கிட்டு மனுஷனுக்கு இருக்கற ஒரே கஷ்டம் கொத்தனார் லேட்டா வந்தான்கறது. இதெல்லாம் ஒரு கஷ்டமா? அந்த ஊர்க்காரன் எல்லாரும் இவருக்குக் கோமாளி. ஒருத்தன் நரிக்கறி சமைக்கற ரெசிபி சொல்றான், இன்னொருத்தன் காத்தைப் பத்தி உளர்றான்.

இன்னொண்ணு கவனிச்சீங்களா, பிளம்பருக்குப் பேர் இருக்கு, கொத்தனாருக்குப் பேர் இருக்கு, மலை மேல இருக்கற அந்த நரிக்கறி மசோவுக்குப் பேர் இருக்கு. கட்டின பொண்டாட்டிக்குப் பேர் கிடையாது! முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் "என் மனைவி, என் மனைவி"தான்.

#5 மாடிப்படி

ஐயோ சார், ஆமா! படிக்கும்போது தோணவே இல்ல. எங்க பாட்டி தாத்தாவைப் பேர் சொல்லாம "அவங்க"ன்னே ஓட்டினாங்கல்ல, இது அதோட உல்டா.

ஆனா ஒண்ணு கவனிங்க. டிசம்பர் வந்தும் வீட்டு வேலை முடியல, ஆளுக்கு ஒரு மூலையில பாதி பாதி நிக்குது. அப்ப அந்தப் பேரில்லாத பொண்டாட்டிதான் ஐடியா குடுக்கறாங்க. வேலை முடியற விருந்துன்னு எல்லாரையும் கூப்பிடுவோம், கூடவே *அவங்க சம்சாரங்களையும்* கூப்பிடுவோம்னு. தன் புருஷன் அரைகுறையா விட்டுட்டுப் போன வேலையை மத்த பொம்பளைங்க முன்னாடி எந்த வீட்டம்மா பாத்துட்டுச் சும்மா இருப்பா? அவ்ளோதான், வருஷம் பூரா இழுத்த வேலை கடகடன்னு முடியுது. முழு புக்லயும் மூளை உள்ள ஒரே ஆள் அவங்கதான்.

#6 மன்னை_மைந்தன்

நான் வேற ஒண்ணு சொல்லணும். எல்லாரும் சாப்பாடு, பிளம்பர்னு போறீங்க, நான் விவசாயக் குடும்பம், எனக்கு அந்த ஃபொஸ்தேன் பார்ட்டுதான் பிடிச்சுது. பக்கத்து நிலத்துக்காரர், மெயிலோட திராட்சையை அவர்தான் பாத்துக்கறார். அந்த ஏற்பாடு என்னன்னு பாத்தீங்களா, நம்ம வாரச் சாகுபடிதாங்க! கொடி வாங்கற செலவு நிலத்துக்காரன், பாடு பூரா ஃபொஸ்தேன், வெளச்சல்ல மூணுல ரெண்டு பங்கு பாடுபட்டவனுக்கு, ஒரு பங்கு நிலத்துக்காரனுக்கு. எங்க ஊர்ல எங்க தாத்தா காலத்துல நிலத்துக்காரன் பங்கு இதைவிடக் கூடன்னுதான் அப்பா சொல்லக் கேட்டிருக்கேன், அதனால பிரெஞ்சுக்காரன் கொஞ்சம் தர்மவான்தான்.

ஃபொஸ்தேன் வாயத் தொறந்தாலே பொலம்பல். மழை பெஞ்சாலும் பொலம்பல், பெய்யாட்டியும் பொலம்பல். மெயில் அதை ஒரு கேரக்டரா சிரிப்பா எழுதறார், நான் சிரிக்கல. "இந்த வருஷம் நல்லா வெளஞ்சுது"ன்னு வாயால ஒத்துக்கிட்ட விவசாயி எந்த ஊர்லங்க இருக்கான், சொன்னா கண்ணு பட்டுடும், வியாபாரியும் வெலையைக் கொறப்பான்.

அந்தப் பொலம்பலுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. 1956 பிப்ரவரில அந்தப் பக்கம் ஒரு பனி அடிச்சுது. ஜனவரி பூரா இதமா இருந்ததால ஆலிவ் மரத்துல பால் ஏற ஆரம்பிச்சுடுச்சு, அந்த நேரம் பாத்து திடீர்னு உறைபனிக்குக் கீழ பல டிகிரி எறங்கினதுல உள்ள இருந்த பால் உறைஞ்சு மரம் அப்படியே பொளந்துடுச்சு. பாட்டன் முப்பாட்டன் வச்ச மரம் எல்லாம் போச்சு. தரையோட வெட்டி விட்டு, அடில இருந்து வந்த துளிர்லதான் திரும்ப மரமாக்கினாங்க, அதனாலதான் இன்னிக்கும் ப்ரொவான்ஸ்ல நெறய ஆலிவ் ஒத்தத் தண்டா இல்லாம ஒரே வேர்ல மூணு நாலு தண்டா நிக்கும். நிறைய பேர் ஆலிவே வேணாம்னு திராட்சைக்கு மாறிட்டாங்க. கஜாவுக்கு அப்புறம் எங்க பக்கம் தென்னந்தோப்பு கிடந்த கெடயப் பாத்தவனுக்கு அது புரியும். வானத்தப் பாத்து ஏன் திட்டறான்னு ஃபொஸ்தேன்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?

#7 தீவான்

வணக்கம் எல்லாருக்கும். நான் இந்தப் புத்தகம் முழுக்க வாசிக்கேல்ல. மகள் லைப்ரரியில எடுத்துக்கொண்டு வந்தவா, செப்டெம்பரையும் டிசம்பரையும் மட்டும் வாசிச்சனான். ஏன் செப்டெம்பர் எண்டால், 92இல நான் அந்தப் பக்கம் முந்திரிகை ஆயப் போனனான். மெனெர்ப் இல்லை, அங்க இருந்து ஒரு மணித்தியாலம் கூட இல்லை, ஷத்தோனெஃப் து பாப். அங்க மெஷின் விடேலாது, கையாலதான் ஆயவேணும் எண்டு சட்டம், அதால ஆக்களுக்கு வேலை.

வந்த புதுசு. பாரிசில ஒரு அறைக்குள்ள ஏழு பேர், பாஷை தெரியாது. ஆரோ சொல்லி நாலு பெடியள் ரயில் ஏறினனாங்கள். தோட்டத்தைப் பாத்தால் மண்ணே இல்லை, எல்லாம் தேங்காய் அளவில உருண்டைக் கல்லு. இதுக்குள்ள எப்பிடியடா கொடி வளருது எண்டு நாங்கள் ஆளை ஆள் பாத்தனாங்கள். பேந்துதான் விளங்கினது, பகல் முழுக்க அந்தக் கல்லு வெய்யிலைக் குடிச்சு வச்சிருந்து இரவில விடும். பின்னேரம் அஞ்சு மணிக்கு அதில குந்தினால் காச்சட்டையால சுடும்.

கொடி இடுப்பளவு உயரம்தான். நிமிந்தும் ஏலாது, முழுக்க இருக்கவும் ஏலாது, அந்தக் குனிஞ்ச நிலையில நாள் முழுக்க. விடிய பனியில கை விறைக்கும், பத்து மணிக்குக் குளவி வரும். வளைஞ்ச கத்தரியால குலையின்ர காம்பை வெட்டேக்க இடது கையின்ர விரல் எங்க இருக்கு எண்டு தெரியாது. முதல் நாளே எனக்குச் சின்ன விரல் போச்சு. தோட்டக்காரரின்ர தாய், எழுபது எழுபத்தஞ்சு வயசிருக்கும், கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போய் முந்திரிகைச் சக்கையில வடிச்ச சாராயத்தை விட்டா. நான் அம்மா எண்டு கத்திப்போட்டன். அந்தக் கிழவி, "அம்மாவா, எங்கட பாஷையிலயும் மமோ தான்" எண்டு சிரிச்சா. அவ சொன்னது அதுதான் எண்டு எனக்கு விளங்கவே ரெண்டு வருசம் எடுத்தது.

நான் சொல்ல வாறது என்னெண்டால், மெயில் வீட்டு யன்னலால பாத்த செப்டெம்பர் வேற, நான் குனிஞ்சு நிண்டு பாத்த செப்டெம்பர் வேற. எங்களோட நிண்டது மொரோக்கோக்காரரும் ஸ்பானியரும். அந்த ஆக்கள் இல்லாட்டி அங்க வைனே இல்லை. பொய் எழுதிப்போட்டார் எண்டு சொல்லேல்ல. அவர் நிண்ட இடத்தில இருந்து எங்கட முதுகு தெரியாது, அவ்வளவுதான்.

#8 சுற்றும்சிறகு

தீவான் அண்ணா, சூப்பர் போஸ்ட். ஒரு டவுட், முந்திரின்னா... கேஷ்யூவா? ப்ரொவான்ஸ்ல முந்திரி விளையுதா?

#9 தீவான்

ஐயோ தங்கச்சி, மன்னிக்கோணும். எங்கட பக்கம் திராட்சையைத்தான் முந்திரிகை எண்டுறது. உங்கட முந்திரிக்கு நாங்கள் கஜு எண்டுவம்.

#10 லூர்து_பாண்டி

நாப்பது வருஷமா பிரெஞ்சு சொல்லிக் குடுத்துட்டு ரிட்டயர் ஆனவன், எங்க பெரிய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா (சிப்பாயா) இருந்து பென்ஷன் வாங்கினவர், அதனால எனக்கும் ரெண்டு வார்த்தை பேச உரிமை இருக்கு.

அந்த மம்மா விஷயத்துல கிழவி 'மமோன்'னு சொல்லியிருப்பாங்க, ஆனா தெக்கத்தி உச்சரிப்புல கடைசில ஒரு 'ங்' ஒட்டும். பாரிஸ்ல வேன் (அதான் வைன்), அங்க 'வெங்'. பாரிஸ்ல பேன் (ரொட்டி), அங்க 'பெங்'. பாரிஸ்காரன் கேட்டா சிரிப்பான், நம்ம மெட்ராஸ்காரன் நாகர்கோயில் தமிழக் கேட்டுச் சிரிக்கிற மாதிரி. லுபெரோனா லுபேரோனான்னே அந்த ஊர்க்காரங்களுக்குள்ள சண்டை ஓயல, நாம எப்படி எழுதினாலும் யாரோ ஒருத்தர் கோச்சுப்பாங்க.

மெயில் சரியாப் பிடிச்சது அந்த டைம் கணக்கை. கால் மணி நேரம்னா இன்னிக்குள்ள. நாளைக்குன்னா இந்த வாரத்துக்குள்ள. பதினஞ்சு நாள்னா மூணு வாரமாவும் இருக்கலாம், அடுத்த வருஷமாவும் இருக்கலாம், பதினஞ்சு நாளா மட்டும் இருக்காது. கூடவே 'நொர்மால்மோன்'னு ஒரு வார்த்தை போட்டுடுவாங்க. நேர் அர்த்தம் 'சாதாரணமா'ன்னாலும், உள்ளர்த்தம் 'கடவுள் விட்ட வழி'. நம்ம ஆளு "பாத்துக்கலாம் சார்"னு சொல்ற அதே சுருதி.

கோமாளியாக்கிட்டார்னு சொன்ன நண்பருக்கு ஒரு சிபாரிசு. பக்கத்துல இருக்கற ரூசியோன் கிராமத்துல (சிவப்புக் காவி மண் ஊர்) 1950ல லாரன்ஸ் வைலின்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் பொண்டாட்டி பிள்ளைங்களோட போய் ஒரு வருஷம் குடியிருந்து, ஊர்ப் பேரை மாத்தி 'வில்லேஜ் இன் தி வோக்ளூஸ்'னு 1957ல எழுதினார். பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களை எப்படி நடத்தறாங்க, காப்பிக் கடைல யார் யாரோட உக்காருவாங்கன்னு எல்லாம் இருக்கும். சிரிப்பு கம்மி, மரியாதை ஜாஸ்தி. அந்த மனுஷன் ஊர்க்காரங்க கூட உக்காந்து கத்துக்கப் போனவர், மெயில் அவங்ககிட்ட வேலை வாங்கப் போனவர். அந்த வித்தியாசம்தான்.

#11 இட்லிப்பொடி

நான் சுத்த சைவம், அந்த நரிக்கறி எடத்துல புக்கை மூடிட்டேன். நத்தை, வாத்து, காட்டுப்பன்னின்னு பக்கத்துக்குப் பக்கம் ஏதாவது ஒண்ணு செத்துட்டே இருக்கு.

#12 லூர்து_பாண்டி

அம்மா, அப்ப பிஸ்து சூப் செஞ்சு பாருங்க. பீன்ஸ், சீமைச் சுரைக்காய், தக்காளி போட்ட காய்கறி சூப், அடுப்பை அணைச்சப்புறம் மேல துளசி ஜாதி இலையும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் அரைச்சுக் கலக்கறது. இலைக்கு எங்கயும் அலைய வேண்டாம், நம்ம திருநீற்றுப் பச்சிலைதான் அது. எங்க வீட்டுத் தொட்டிலயே இருக்கு. அங்க போடற சீஸை மட்டும் விட்டுடுங்க.

#13 இட்லிப்பொடி

திருநீற்றுப் பச்சிலையை சூப்ல போடறதா, மாமியார் வீட்டை விட்டுத் துரத்திடுவாங்க சார். இருந்தாலும் நன்றி, ஞாயித்துக்கிழமை அவங்க இல்லாதப்ப ட்ரை பண்றேன்.

#14 கணக்குப்பிள்ளை

லூர்து சார், வைலி புக்கு தேடறேன், நன்றி.

இன்னொரு விஷயம் யாரும் சொல்லல. இந்த புக்கு ஓடின ஓட்டத்துல, அப்புறம் 93ல பிபிசி சீரியலா வேற எடுத்து ஜான் தா நடிச்சதுல, ஊர் உலகத்துலேர்ந்து ஜனம் கிளம்பி அந்த மனுஷன் வீட்டு வாசல்லயே வந்து நின்னுது, புக்கை நீட்டி கையெழுத்துக் கேட்டுக்கிட்டு. அமைதியைத் தேடிப் போனவன் எழுதின அமைதியைப் படிச்சுட்டு அத்தனை பேரும் அமைதியைத் தேடி அவன் வீட்டுக்கே! கடைசில தாங்க முடியாம வீட்டை வித்துட்டு அமெரிக்காவுல லாங் ஐலண்டுக்குப் போய்ட்டார். சில வருஷம் கழிச்சு திரும்பி வந்தப்ப மலைக்கு அந்தாண்ட பக்கம் லூர்மரேன்ல போய் குடியேறினார். யானை தன் தலைல தானே மண்ணை வாரிப் போட்டுக்கற கதை.

#15 மன்னை_மைந்தன்

ஆனா பிரெஞ்சு அரசாங்கம் 2002ல லெஜியன் ஆஃப் ஹானர் விருது குடுத்துதே சார். அவங்களுக்கு கோவம் இல்லையே.

#16 கணக்குப்பிள்ளை

தம்பி, டூரிஸ்ட் கொண்டு வந்தவனுக்கு அரசாங்கம் மாலை போடத்தான் செய்யும். அந்த ஊர்ல பொறந்த பையன் கல்யாணம் கட்டி ஒரு வீடு வாங்கணும்னு தேடும்போது, வருஷத்துல ஆறு வாரம் வந்து தங்கற வெளியூர்க்காரன் ரெண்டு மடங்கு காசு நீட்டறான்ல, அவனைக் கேளு. 2001ல டிஜிவிங்கற அதிவேக ரயிலுக்குப் பாதை வேற வந்துது, பாரிஸ்லேர்ந்து அவிஞ்ஞோன் ரெண்டே முக்கால் மணி நேரத்துக்குள்ள. எல்லாத்தையும் மெயில் தலைல போட மாட்டேன், ஆனா கதவைத் தொறந்து விட்டதுல அவருக்கும் பங்கு இருக்கு.

#17 சுற்றும்சிறகு

நான் அந்தப் பாவத்துல பங்குள்ளவ 😅 இந்த புக் படிச்சுட்டுதான் 2019 ஜூன் கடைசில போனேன். அவிஞ்ஞோன்ல இறங்கி கார் வாடகைக்கு எடுத்தோம், வீட்டுக்காரர் இடது பக்கமே ஓட்டிப் பழகினவர், ரவுண்டானா வந்தாலே எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

மெனெர்ப் குட்டியூண்டு ஊர், மலை முதுகு மேல கப்பல் மாதிரி நீளமா உக்காந்திருக்கு. மெயில் வீடு எதுன்னு நாங்க கேக்கவே இல்ல, கணக்குப்பிள்ளை சார் சொன்ன மாதிரி அது அநாகரிகம்னு தெரியும். (சரி, பேக்கரி பாட்டிகிட்ட லேசா பேச்சுக் குடுத்தேன். "ஆ, அந்த இங்கிலீஷ்காரர்"னு சொல்லிட்டு, ரொட்டி எத்தனைன்னு கேட்டாங்க. அவ்ளோதான்.)

எனக்கு மனசுல நிக்கறது வேற ஒண்ணு. லூர்மரேன் கல்லறைத் தோட்டத்துல எழுத்தாளர் ஆல்பர்ட் காம்யு சமாதியைத் தேடிப் போனோம். நோபல் காசுல அந்த ஊர்ல வீடு வாங்கி ரெண்டு வருஷம் கூட முழுசா இருக்கல, 1960 ஜனவரி 4ல கார் விபத்து. பெரிய சமாதியா இருக்கும்னு ரெண்டு தடவை தாண்டிப் போயிட்டோம். முட்டி உயரம் கூட இல்லாத ஒரு கரடு முரடான கல்லு, பேரும் வருஷமும் மட்டும், அதுவும் தேஞ்சு போயி, சுத்தி செடி மண்டிக் கிடக்கு. யாரோ ஒரு பேனாவைச் செருகி வச்சிருந்தாங்க. என் பையன், அப்ப ஏழு வயசு, பேனா எழுதுதான்னு எடுத்து உள்ளங்கைல கிறுக்கிப் பாத்தான். எழுதுச்சு. திரும்ப அங்கேயே செருகிட்டு வந்தான்.

லாவெண்டர் பாக்க செனாங்க் மடத்துக்கும் போனோம். கூட்டம்னா கூட்டம், திருப்பதி க்யூ தோத்துடும், பூவை விட செல்ஃபி ஸ்டிக் ஜாஸ்தி.

#18 தீவான்

தங்கச்சி, மிஸ்திரால் காத்து அடிச்சதோ நீங்கள் போகேக்க?

#19 சுற்றும்சிறகு

ரெண்டு நாள் அண்ணா. வானம் பளிச்சுனு நீலமா இருக்கு, ஒரு மேகம் இல்ல, ஆனா கார் கதவைத் திறந்தா கையோட பிச்சுட்டுப் போகுது. இவ்ளோ அழகான வானத்துல இப்படி ஒரு காத்தான்னு இருந்துச்சு.

#20 தீவான்

அதுதான் அதின்ர குணம். வடக்கில இருந்து ரோன் ஆத்துப் பள்ளத்தாக்கால வாறது, ஒரு பக்கம் அல்ப்ஸ், மற்றப் பக்கம் மசிஃப் சென்ட்ரல் மலை, நடுவில புனல் மாதிரி ஒடுங்கிப்போய் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல கூட அடிக்கும். மூண்டு நாள், ஆறு நாள், ஒன்பது நாள் எண்டு கணக்குச் சொல்லுவினம் அங்கத்தை ஆக்கள். நாங்கள் தங்கின வீட்டில வடக்குச் சுவரில ஒரு யன்னலும் இல்லை, கட்டினவன் காசில்லாமல் விட்டிட்டான் எண்டு நினைச்சனாங்கள். காத்து துவங்கின இரவுதான் கட்டினவன் மடையன் இல்லை எண்டு தெரிஞ்சது. கோயில் கோபுரத்தில மணிக்கு மேல கூரை இல்லை, இரும்புக் கூடுதான், காத்து ஊடால போகட்டும் எண்டு.

மெனிகூச்சி சைபீரியா எண்டு சொன்னது பிழைதான். ஆனால் அந்தக் காத்துக்குள்ள ஒரு கிழமை இருந்திட்டு ஆரும் என்னட்ட பூமி தட்டையாய்ப் போச்சு எண்டு சொல்லியிருந்தால், நானும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்.

#21 மாடிப்படி

இழையைப் போட்டுட்டு ஆடிட் ரிப்போர்ட்ல மாட்டிக்கிட்டேன், இப்பதான் எல்லாத்தையும் உக்காந்து படிச்சேன். கணக்குப்பிள்ளை சார், உங்க பக்கம் பாதி வந்துட்டேன். மிச்சப் பாதி அந்த பிளம்பர்கிட்டயே மாட்டிக்கிட்டு நிக்குது, வர மாட்டேங்குது. தீவான் அண்ணா, செப்டம்பர் அத்தியாயத்தைத் திரும்ப எடுத்து வச்சிருக்கேன், இந்தத் தடவை முதுகு தெரியுதான்னு பாக்கறேன்.

அப்புறம் நம்ம பாத்ரூம். டிசம்பர் ட்ரிக்கை நேத்து எங்க பிளம்பர்கிட்ட போட்டேன். "அண்ணே, வேலை முடிஞ்சதும் சின்னதா ஒரு விருந்து, வீட்டம்மாவையும் கண்டிப்பா கூட்டிட்டு வரணும்"னு சிரிச்சுட்டே சொன்னேன்.

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆவலங்க மேடம்"னுட்டு, ஸ்பேனரை எடுத்துக்கிட்டுப் போய்ட்டார். நாளைக்கு வர்றேன்னிருக்கார்.